பவளத்துக்குப் பாஸ்போர்ட் இல்லை

முழுநிலவு கழிந்த சில இரவுகளில் பவளங்கள் பல ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் வெளியிடும். இளஞ்சிவப்பு மணிகளாக மேலெழும்பி, கருவுற்று, நீரோட்டத்தோடு நாள்கணக்கில் மிதந்து, தோதான பாறை கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாறை பக்கத்து நாட்டுடையதாகவும் இருக்கலாம். சூரை மீனும் அப்படித்தான். ஒரு நாட்டில் முட்டையிட்டு இன்னொரு நாட்டின் வலையில் விழும்.

இதை உணர்ந்துதான் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், திமோர் லெஸ்தே ஆகிய ஆறு நாடுகளும் 2009இல் இந்தோனேசியாவின் மனாடோ நகரில் கூடிப் 'பவள முக்கோண' உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இந்த ஆறு நாடுகளையும் ஒட்டிய கடற்பரப்புதான் பவள முக்கோணம். உலகின் பவள இனங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி அங்கேதான் வாழ்கின்றன. கடலாமை இனங்கள் ஏழில் ஆறும் அங்கு உண்டு.

எனக்குப் பிடித்தது, உடன்பாட்டின் பெயரிலேயே பவளத்திட்டோடு மீன்வளத்தையும் உணவுப் பாதுகாப்பையும் சேர்த்திருப்பது. மீனவர் வயிற்றை மறந்துவிட்டுப் பவளத்தை மட்டும் காப்பதாகச் சொல்லும் திட்டங்களை நான் நம்புவதில்லை. ஆனால் கையெழுத்துக்குப் பிறகும் அந்தக் கடல்களில் வெடி வைத்து மீன் பிடிப்பது முற்றிலும் ஒழியவில்லை. ஒரு புட்டியில் அடைத்த வெடிமருந்து போதும், நூறாண்டு வளர்ந்த பவளம் நொடியில் சல்லிக்கல்லாகிவிடும்.