ரத்தப் பையோடு அல்சூரிலிருந்து

பெங்களூரில் வேலை முடிந்த சாயங்காலங்களில் ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் எடுத்துப்போகும் தன்னார்வ பைக் ஓட்டிகளில் நானும் ஒருவன். வேகமாக ஓட்டுவீர்களா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எங்கள் வண்டிக்கு சைரன் கிடையாது. டெய்ரி சர்க்கிள், சில்க் போர்டு மாதிரி நெரிசலான சந்திப்புகளில் மற்றவர்களோடு நிற்க வேண்டியதுதான். நேரத்தை மிச்சம் பிடிப்பது வார்டில்.

ரத்த சாம்பிளிலும் டாக்டர் கையெழுத்திட்ட ஃபார்மிலும் நோயாளியின் பெயர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் ரத்த வங்கியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது நியாயம்தான், ஆள் மாறி ரத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து. அதனால் சிஸ்டர் முன்னாலேயே படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். கொடுக்கப்போகும் ரத்தம் நோயாளிக்குச் சேருமா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் முடிய முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் பை. சிவப்பணுக்களை வங்கியில் 2 முதல் 6 டிகிரியில் வைத்திருப்பார்கள். வழியிலும் குளிர்ச்சி வேண்டும், ஆனால் ஐஸ் நேராகப் பட்டால் அணுக்கள் உடைந்துவிடும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களான பிளேட்லெட்டுக்கு 20 முதல் 24 டிகிரி. 5 நாள்தான் தாங்கும், ஐஸ் பக்கமே போகக் கூடாது. டெங்கு சமயத்தில் இதற்குத்தான் அதிகம் அலைவோம்.

அப்படி ஒரு சமயம் தருமபுரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மகளுக்கு பிளேட்லெட் வாங்க ஒரு வாளி நிறைய ஐஸோடு வந்து நின்றார். "கெட்டுப்போயிடக் கூடாதுல்ல தம்பி" என்றார். கவுன்ட்டரில் கன்னடத்தில் சொன்னது அவருக்குப் புரியவில்லை. பையை நான் வாங்கிக்கொண்டு அவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டேன். மகளுக்குத் துணையாக வந்தவர் அவர் ஒருவர்தான். அவரையும் ரத்தத்துக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பெண் பக்கத்தில் யார் இருப்பது? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பை சுமப்பது குடும்பத்தின் வேலையே இல்லை.

தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்தால் கேன்டீன் எங்கே, ராத்திரி எங்கே படுக்கலாம் என்றெல்லாம் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிவிட்டு வருவேன்: ரத்தம் ஏற ஆரம்பித்ததும் முதல் 15 நிமிடம் கட்டிலை விட்டு நகராதீர்கள். நடுக்கமோ, அரிப்போ, மூச்சுத்திணறலோ வந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள், தயங்காதீர்கள்.