அது அழுக்கு இல்லை அக்கா

அக்கா மகனுக்கு 11 வயசு, எடை கொஞ்சம் கூடுதல். கழுத்தின் பின்பக்கம் கருப்பாகத் தடித்திருந்தது. ஆறு மாசமாகப் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. அழுக்கு இல்லை அது. இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாமல், அது அளவுக்கு மேல் சுரக்கும்போது தோல் அப்படி மாறும். "ஒழுங்காக் குளிடா" என்று பிள்ளை வாங்கிய திட்டை நினைத்தால் மனசு கனக்கிறது.

ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி.யும் கூடுதல். உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று காட்டும் புரதம் அது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, பிறகு ஏன்? கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. கொழுப்புச் செல்கள் ஊதிப் பெருத்தால் நோயெதிர்ப்புச் செல்கள் அங்கே வந்து குவிகின்றன. டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 என்று அழற்சியைத் தூண்டும் புரதங்கள் எல்லாம் சுரக்கின்றன. இன்டர்லூகின்-6 தூண்ட, கல்லீரல் சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்கிறது. வெளியே புண்ணில்லை, உள்ளே நீறு பூத்த நெருப்பு. 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடமே, எடை கூடியவர்களுக்கு சி.ஆர்.பி. கூடியிருப்பதை 2001-ல் வந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியிருக்கிறது.

இந்த ஒரு எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், சாதாரணக் காய்ச்சலுக்கே அது ஏறும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு மூன்றையும் கட்டாயம் பாருங்கள்.

சொந்தக்காரர்களிடம் ஒரே வேண்டுதல்: அவனைக் 'குண்டா' என்று கூப்பிடாதீர்கள். வீட்டில் குளிர்பானம் வாங்குவதை நிறுத்திவிட்டோம், எல்லாருக்குமே. சாயங்காலம் நானும் அவனும் இறகுப்பந்து ஆடுகிறோம். நேற்று அவன்தான் ஜெயித்தான்.