20 ஃபிரேமுக்கு ஒரு தட்டு

சினிமாவுக்கு வருவதற்கு முன் 7 வருடம் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இசையமைத்தேன். தினசரித் தொடரில் ஒவ்வொரு காட்சியையும் பார்த்து இசைக்க நேரம் இருக்காது. தொடர் ஆரம்பிக்கும் முன்பே சோகத்துக்குப் பத்து, பதற்றத்துக்குப் பத்து, பாசத்துக்கு ஐந்து என்று துண்டு துண்டாக வாசித்துக் கொடுத்துவிடுவோம். எடிட்டர் வேண்டியதை எடுத்து ஒட்டிக்கொள்வார். பிரிவுக்காக நான் எழுதிய புல்லாங்குழல் ஒரு கல்யாணப் பேச்சுக்கு ஓடுவதைக் கேட்டு வருந்தியிருக்கிறேன். ஆனாலும் வேகமாக வேலை செய்யும் பழக்கம் அங்கேதான் வந்தது.

முதல் படத்தில் ஒரு காட்சி. ஒரு பெண்ணிடம் அவள் கணவர் இறந்த செய்தியைச் சொல்ல வந்தவன், வாய் வராமல் தண்ணீர் கேட்கிறான். டம்ளரை நீட்டும்போதே அவளுக்குப் புரிந்துவிடுகிறது. கை பாதியில் நிற்கிறது. வசனம் கிடையாது. இரண்டு நிமிடக் காட்சி முழுக்க அந்தக் கையை நோக்கித்தான் போகிறது. வயலின்கள் மெல்ல ஏறி, கை நிற்கும் இடத்தில் ஒற்றைச் செல்லோவாகச் சுருங்கும்படி எழுதினேன்.

மிக்ஸிங்கில் போட்டுப் பார்த்தால், அவள் சமையலறையிலிருந்து திரும்பும் முன்பே செல்லோ வந்துவிட்டது! மூன்றரை நொடிக்கு மேல் முந்திவிட்டது.

படம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனி பிம்பங்கள். எனக்கு வந்த நகல் 25-இல், கொஞ்சம் வேகமாக ஓடியது. தொடர்களில் 25 பழகிய எனக்கு அது உறுத்தவே இல்லை. குரல்களின் சுருதி லேசாக ஏறியிருந்ததைக் கவனித்தேன், ஆனால் யாரிடமும் கேட்கவில்லை. தவறு என்னுடையதுதான். காட்சி மொத்தம் 2880 ஃபிரேம். 24-இல் அது 120 நொடி, 25-இல் 115.2 நொடி.

கணினியில் இசையை இழுத்து நீட்டிப் பார்த்தேன். நேரம் பொருந்தியது, ஆனால் வில் தந்தியைத் தொடும் அந்த முதல் உரசல் சோர்ந்துபோனது. சரி, மறுபடி வாசிக்க வேண்டியதுதான் என்று முடிவெடுத்தேன். நோட்ஸில் ஒரு ஸ்வரம்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. நான் வைத்திருந்த டெம்போ 75, அதாவது நிமிடத்துக்கு 75 தட்டு. நொடிக்கு 25 ஃபிரேமில் அது ஒரு தட்டுக்கு 20 ஃபிரேம். 24-க்கு அதே 20 ஃபிரேம் வேண்டுமென்றால் டெம்போ 72. அவ்வளவுதான். பழைய நாட்களில், ஃபிலிமின் ஒலித்தடத்தில் துளையிட்டு, வாசிப்பவர்களுக்குத் தாளம் காட்டும் கிளிக் சத்தத்தை உண்டாக்கிய காலத்தில், டெம்போவையே ஃபிரேம் கணக்கில்தான் சொன்னார்கள். அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. நிமிடக் கணக்கு என்னுடையது. ஃபிரேம் கணக்கு அந்த நடிகையினுடையது. அவர் எந்த ஃபிரேமில் மூச்சை நிறுத்தினார் என்று எண்ணிப் பார்ப்பதைவிடப் பெரிய மரியாதையை ஓர் இசையமைப்பாளரால் அவருக்குச் செய்ய முடியாது என்று நம்புகிறேன். கணக்கு போட்டால் உணர்ச்சி போய்விடும் என்று சொல்பவர்களோடு இன்றும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

இரண்டாவது ஒலிப்பதிவில், வழக்கத்துக்கு மாறாக, திரையை வாத்தியக் கலைஞர்கள் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன். கை நிற்பது 2200-வது ஃபிரேமில், அதாவது 110-வது தட்டில். வயலின்கள் அடங்கின, டம்ளர் நின்றது, செல்லோ வந்தது. அடுத்த ஸ்வரம் வரவில்லை. செல்லோ வாசித்தவர் வில்லைத் தந்தியில் வைத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டேக்கை மறுபடி எடுத்தோம்.