சுவருக்கு மேல் வந்த கிளை

பக்கத்து வீட்டு மாமரத்தின் கிளை ஒன்று எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்து கிடக்கிறது. "நம்ம பக்கம் வந்ததை நாமே வெட்டிக்கலாம், சட்டமே இருக்கு" என்றார் சித்தப்பா. சட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஊருக்கு ஊர் ஒரு மாதிரி.

எல்லை தாண்டிய கிளையை முன்கூட்டிச் சொல்லாமலே வெட்டலாம் என்று இங்கிலாந்தில் 1890-களிலேயே தீர்ப்பாகிவிட்டது. ஆனால் வெட்டிய கிளையும் அதிலுள்ள பழமும் மரக்காரருக்குத்தான் சொந்தம். ஜெர்மனியில் கிளையை வெட்டுவதற்குமுன் அவகாசம் கொடுக்க வேண்டும். ஆனால் தானாக நம் மண்ணில் விழுந்த பழம் நம்முடையது. உலுக்கி விழவைத்தால் கணக்கில் வராது! பிரான்சில் உள்ளூர் விதி வேறு இல்லையென்றால், 2 மீட்டருக்கு மேல் வளரும் மரத்தை எல்லையிலிருந்து 2 மீட்டர் தள்ளி நட வேண்டும். ஜப்பானில் எல்லை தாண்டிய வேரை நாமே வெட்டலாம், கிளைக்குத்தான் மரக்காரரைக் கேட்க வேண்டும் என்றிருந்தது. 2023 ஏப்ரலில்தான், சொல்லியும் அவர் வெட்டாவிட்டால் நாமே வெட்டலாம் என்று தளர்த்தினார்கள்.

வேருக்கு இந்தத் தாராளம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கிளை போனால் மரம் பிழைத்துக்கொள்ளும். ஒரு பக்கத்துப் பெரிய வேர்களை அறுத்துவிட்டு, அந்தப் பக்கமிருந்தே பெருங்காற்று அடித்தால் மரம் எதிர்ப்பக்கம் சாயலாம். எதிர்ப்பக்கம் என்றால் அவர் வீடு.

கிளையிலும் ஒரு சிக்கல். எங்களுக்குமுன் இங்கே குடியிருந்தவர் இன்னொரு கிளையைச் சரியாகச் சுவர்க்கோட்டில் அறுத்திருக்கிறார். இப்போது அங்கே ஒரு முழ நீளத்துக்குக் கறுத்த கட்டை. நுனியில் விரல் வைத்தால் பொடியாக உதிர்கிறது. பின்னால் குச்சி குச்சியாகத் துளிர்கள், எல்லாம் எங்கள் பக்கம்தான். கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையம்போல் தடித்திருக்கும். அதை ஒட்டி வெளியே அறுத்தால்தான் வெட்டு மூடும். அந்த வளையம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே கை வைக்க எந்தச் சட்டமும் என்னை அனுமதிக்காது.

அப்புறம் என்ன, போய்க் கேட்டேன். "அண்ணே, உங்க பக்கமிருந்து வெட்டினா மரத்துக்கும் நல்லது" என்றதும் அந்தக் கறுத்த கட்டையைக் காட்டினார், கோபத்தோடு. அது நாங்கள் செய்ததில்லை என்று புரியவைக்கவே நேரமாகிவிட்டது. காய்ப்பு முடிந்ததும் ஆள் வைத்து, முதலில் கிளையின் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு போட்டுப் பட்டை கிழியாமல் இறக்குவதாகப் பேச்சு. கூலி யார் கொடுப்பது என்பதை மட்டும் இன்னும் பேசவில்லை.