தேர்வு அலுவலகமும் என்.சி.சி.யும் ஒரே தலையில்

எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. அங்கே நான் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், என்.சி.சி. ஏ.என்.ஓ.வும், அதாவது கல்லூரியின் என்.சி.சி. பிரிவைக் கவனிக்கும் ஆசிரியர்-அதிகாரியும், நான்தான். 1948இல் தொடங்கிய இந்தப் படையில் பயிற்சியாளர்களை ராணுவம் அனுப்பும், ஓர் ஆசிரியரைக் கல்லூரி கொடுக்கும். அந்த ஆசிரியருக்கு ஏற்கெனவே என்ன வேலை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் கேர்டேக்கராகத்தான், அதாவது பயிற்சி முடிக்காத தற்காலிகப் பொறுப்பாளராகத்தான், பொறுப்பேற்றேன். பிறகு நாக்பூர் பக்கம் காம்ப்டியில் உள்ள ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமிக்குப் போய்ப் பயிற்சியை முடித்தால்தான் லெப்டினன்ட். அது மாதக்கணக்கில் நீளும். உடம்பு வலியெல்லாம் பழகிவிடுகிறது. அதுவரை என் நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் தலைவலி. வினாத்தாள்களைப் பூட்டி வைக்கும் எங்கள் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவிகள், அதில் ஒன்று என்னிடம் இருக்கும். முதல்வரின் உத்தரவோடு துணை அலுவலரிடம் அதை எழுத்து மூலம் ஒப்படைத்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன். அந்த உத்தரவைத்தான் இன்றும் ஒவ்வொரு முகாமுக்கும் தேதி மாற்றி அடிக்கிறோம்.

தோளில் நட்சத்திரம் வந்ததும் பரேடு மைதானத்தில் நாமே எல்லாம் என்று தோன்றும். அப்படி இல்லை. எங்கள் பிரிவுக்கு மேலே உள்ள என்.சி.சி. பட்டாலியனிலிருந்து வரும் ராணுவப் பயிற்சியாளரான ஹவில்தார் எனக்கு சல்யூட் அடிப்பார், ஆனால் டிரில்லும் ஆயுதப் பயிற்சியும் அவர் உலகம். கேடட்டுகளான மாணவர்களைப் போலவே நானும் அவரை உஸ்தாத் (ஆசான்) என்றுதான் கூப்பிடுகிறேன். சீக்கிரமே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. மைதானத்தில் அவர் சொல்வதே முடிவு. எந்தப் பையன் முகாமுக்குப் போகலாம், யாருக்கு வீட்டில் கஷ்டம், யார் அரியர் வைத்திருக்கிறான் என்பதெல்லாம் என் பொறுப்பு. வருகைப் பதிவேட்டை கேடட்டுகளில் மூத்தவரான சீனியர் அண்டர் ஆபீசர் பார்த்துக்கொள்வார். சொல்லப்போனால் எனக்குக் கிடைத்த உண்மையான உதவியாளர் அந்த மூன்றாம் ஆண்டு மாணவர்தான்.

மோதல் வருவது நவம்பரில். செமஸ்டர் தேர்வு அப்போதுதான், ஜனவரி 26 டெல்லி அணிவகுப்புக்குக் கேடட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் முகாம்களும் அதை ஒட்டியே வரும். முகாம் தேதி பட்டாலியனிலிருந்து தாமதமாக வரும், சில நேரம் வந்த பிறகும் மாறும். பட்டாலியன் தலைவரான கர்னலிடம் தேர்வைச் சொல்லி, முதல்வரிடம் முகாமைச் சொல்லி, இரண்டு பக்கமும் நான்தான் சமாதானம் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஜூனிலேயே தேர்வு அட்டவணையை பட்டாலியனுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். தேசிய முகாமுக்குப் போகும் கேடட்டுக்குத் தனித்தேர்வு நடத்தலாம் என்று கல்விக் குழுவில் தீர்மானமும் வாங்கினோம். அந்தக் கோப்பு வேகமாக நகர்ந்ததற்கு நான் தேர்வு அலுவலகத்தில் இருந்ததும் ஒரு காரணம், மறுக்கவில்லை.

2021இல் என்.சி.சி.யை கிரெடிட் உள்ள விருப்பப் பாடமாக நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. சொன்னது. நல்ல விஷயம்தான். ஆனால் என் கேடட்டுகளுக்கு நானே மதிப்பெண் போட்டு நானே ரிசல்ட் வெளியிடுவதா? அது சரியாக இருக்காது. அந்தப் பாடத்தின் மதிப்பெண் பட்டியல் என் மேசைக்கே வராது. துணை அலுவலர் சரிபார்ப்பார், முதல்வர் கையெழுத்திடுவார்.

பத்து நாள் முகாமில் எனக்குப் பெரும்பாலும் குவார்ட்டர்மாஸ்டர் வேலை கிடைக்கும். ரேஷன், போர்வை, தட்டு எல்லாம் எண்ணி வாங்கி, எண்ணித் திருப்ப வேண்டும். விடைத்தாள் கட்டு எண்ணிப் பழகியவனுக்கு இது கஷ்டமே இல்லை. கஷ்டமெல்லாம் கேடட்டுகளின் ஆன்லைன் சேர்க்கையில்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், மார்க் ஷீட்டில் அப்பா பெயரே விரிவாக இருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் அலவன்ஸ் வந்து சேராது.

இந்தப் பொறுப்புக்கு உங்களைக் கேட்டால், ஒப்புக்கொள்வதற்கு முன் இரண்டு விஷயங்களை முதல்வரிடம் எழுத்தில் வாங்குங்கள்: பரேடு நாட்களில் முதல் இரண்டு பீரியடு வகுப்பு இல்லை என்பது ஒன்று, முகாம் நாட்கள் பணி நாட்களாகவே கணக்காகும் என்பது இன்னொன்று. வாய்ச்சொல்லாக இருந்தால் முதல்வர் மாறும்போது அதுவும் போய்விடும். எங்கள் கல்லூரியில் ஒரு முறை அப்படிப் போயிருக்கிறது.