தண்ணீர் கேன் நிறையக் குவார்ட்டர்

அமெரிக்காவில் வேலையை முடித்துக்கொண்டு மொத்தமாக ஊர் திரும்பும் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். எங்கள் வீட்டு வெட் கிரைண்டர் அப்படி வந்ததுதான். இந்த முறை வந்தது, ஒரு தண்ணீர் கேனில் முக்கால் பங்குக்குக் குவார்ட்டர், அதாவது அமெரிக்காவின் 25 சென்ட் காசு. சும்மா கொடுக்கவில்லை. கோயம்புத்தூர் திரும்பிய நண்பர், "இத்தனை வருஷம் சேர்த்த சில்லறைங்க. பழசு ஏதாவது இருந்தா நல்ல விலைக்குக் கொடுத்துடுங்க. மீதியை பேங்குல போட்டு எனக்கு அனுப்பிடுங்க" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

பெட்டியில் போட்டு எடுத்துப் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு குவார்ட்டரின் எடை 5.67 கிராம். ஆயிரம் டாலருக்கு நாலாயிரம் காசு, அதாவது 22 கிலோ 680 கிராம். விமானத்தில் ஒரு பெட்டிக்குக் கொடுக்கும் 23 கிலோ அதோடு சரி. அப்படியே தூக்கிக்கொண்டு போனாலும், நம் ஊரில் டாலர் மாற்றித் தரும் கடைகள் நோட்டைத்தான் வாங்கும், சில்லறையைத் தொடாது.

வேலையைத் தொடங்குமுன் யூடியூபில் நாலைந்து வீடியோ பார்த்தேன். உங்கள் பையில் இருக்கும் குவார்ட்டர் பல்லாயிரம் டாலர் பெறும் என்று சிவப்பு அம்புக்குறி போட்டுக் காட்டும் ரகம். அவற்றை நம்பி உட்கார்ந்தால் ராத்திரி தூக்கம் போகும். புழக்கத்தில் இருக்கும் குவார்ட்டர்களில் ஆகப் பெரும்பாலானவை 25 சென்ட், அவ்வளவுதான். மீதிக் கொஞ்சத்தைக் கண்டுபிடிக்கச் சில எளிய வழிகள் இருக்கின்றன, அவையும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறவைதான்.

முதலில் பார்க்க வேண்டியது விளிம்பை. 1964 வரை ஆண்டு போட்ட குவார்ட்டரில் 90 சதவீதம் வெள்ளி. வெள்ளி விலை ஏறியதால் 1965இல் சட்டம் மாற்றி, நடுவில் செம்பும் மேலும் கீழும் செம்பு-நிக்கல் கலவையுமாக அடிக்கத் தொடங்கினார்கள். ஆகவே ஒவ்வொரு காசிலும் ஆண்டைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது நாற்பதாக அடுக்கிப் படுக்க வைத்து, விளக்கு வெளிச்சத்தில் விளிம்பைப் பார்த்தால் போதும். எல்லாக் காசிலும் நடுவில் ஒரு செம்புக் கோடு ஓடும். வெள்ளிக் காசு இருக்கும் இடத்தில் மட்டும் அந்தக் கோடு அறுந்து, ஒரே வெளுப்பாகத் தெரியும். சந்தேகம் வந்தால் சமையலறை டிஜிட்டல் தராசில் வைக்கலாம். வெள்ளிக் காசு 6.25 கிராம். மேஜையில் தட்டிப் பார்த்தாலும் தெரியும். புதுக் காசு டக் என்று அடங்கும், பழையது கணீர் என்று இழுக்கும்.

அடுக்கி முடித்தபோது ஒரு கைப்பிடி வெள்ளி தேறியது. காசு போட்டால் ஓடும் சலவை இயந்திரத்துக்கு வாங்கிய சில்லறையில் இவ்வளவு வராதே என்று நண்பரைக் கேட்டேன். எப்போதோ ஒரு கராஜ் சேலில், அதாவது யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்ற இடத்தில், பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் காசோடு சேர்த்து வாங்கிக் கேனில் கொட்டினாராம். அதை மறந்தே போயிருந்தார்.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. "ஏங்க, அதுல 1787ன்னு போட்ட காசு ஒண்ணு இருந்துச்சே, பாத்தீங்களா? இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க!" இருந்தது, ஒன்றல்ல, பல. 1999 முதல் 2008 வரை வருஷத்துக்கு ஐந்து மாநிலம் என்று ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனிப் படம் போட்டுக் குவார்ட்டர் வெளியிட்டார்கள். எந்த மாநிலம் முதலில் ஒன்றியத்தில் சேர்ந்ததோ அது முதலில். அதனால் குதிரைவீரன் படம் போட்ட டெலவேர்தான் தொடக்கம். மாநிலம் சேர்ந்த ஆண்டு மேலே இருக்கும், காசு வெளியான ஆண்டு கீழே இருக்கும். அவர் பார்த்தது மேலே இருந்த 1787. கீழே 1999 என்று இருந்ததைச் சொன்னதும், "அப்ப என் பொண்ணைவிடச் சின்னது" என்று சிரித்துவிட்டார்.

மாநிலக் காசுகளைப் பலரும் அப்போது பத்திரப்படுத்தினார்கள், அதனால் சாதாரண டெலவேரோ நியூ ஜெர்ஸியோ இன்றைக்கும் 25 சென்ட்தான். தங்க முலாம் பூசி, வர்ணம் அடித்து, சான்றிதழ் வைத்து விற்கிற தொகுப்புகளும் உண்டு. முலாம் பூசியது நாணயச் சாலை அல்ல, வெளியே யாரோ. சேகரிப்பவர்கள் கண்ணில் அது கெட்டுப்போன காசு. 1976இல் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டுக்காக அடித்த முரசுக்காரர் படம் போட்ட காசும் இதே கதைதான். முன்பக்கம் 1776-1976 என்று இரட்டை ஆண்டு இருப்பதால் பார்க்கிறவர்கள் எல்லோரும் எடுத்து வைக்கிறார்கள், ஆனால் அடித்தது 160 கோடிக்கும் மேல். 1975ஆம் ஆண்டே இந்தக் காசை அடிக்க ஆரம்பித்துவிட்டதால் 1975 என்று ஆண்டு போட்ட குவார்ட்டரே கிடையாது. இது ஒரு வினாடி வினாக் கேள்விக்கு உதவும், பர்ஸுக்கு உதவாது.

மாநிலக் காசுகளில் பிழையோடு வந்தவற்றுக்குத்தான் விலை. பெயர் பெற்றது 2004இன் விஸ்கான்சின். பசு மாட்டின் தலை, ஒரு வட்டச் சீஸ், ஒரு சோளக்கதிர் இருக்கும் படம். டென்வரில் அடித்த சிலவற்றில் கதிரின் இடது பக்கம், சீஸுக்கு மேலே, ஒரு இலை அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும். சிலதில் நிமிர்ந்து நிற்கும், சிலதில் வளைந்து தொங்கும். நல்ல நிலையில் இருந்தால் பல பத்து டாலர் போகும். நண்பரின் கேனில் இருந்த விஸ்கான்சின் காசுகளை எல்லாம் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு கதிரும் ஒழுங்காக அதன் இலையோடுதான் இருந்தது.

அப்புறம் எழுத்துக் குறி. பெரும்பாலான காசுகளில் முன்பக்கம் வாஷிங்டனின் பின்னலுக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு எழுத்து இருக்கும், எந்த ஊரில் அடித்தது என்று சொல்ல. பி என்றால் பிலடெல்பியா, டி என்றால் டென்வர். தேட வேண்டியது டபிள்யூ, அதாவது நியூ யார்க் மாநிலத்தில் இருக்கும் வெஸ்ட் பாயின்ட். 2019, 2020 இரண்டே வருஷங்களில், ஒவ்வொரு படத்திலும் இருபது லட்சம் அடித்து, மற்ற காசுகளோடு கலந்து புழக்கத்தில் விட்டார்கள். மக்கள் சில்லறையைத் திருப்பிப் பார்க்கட்டும் என்றே செய்த காரியம். மற்றவை கோடிக்கணக்கில் அடிக்கப்படுபவை என்பதால் இது அரிது. தேய்ந்ததற்குச் சில டாலர், புதுக்கருக்குக் கலையாததற்கு அதற்கு மேல். கேனில் ஒன்று அகப்பட்டது. என் மகள்தான் கண்டுபிடித்தாள். நாற்பதைத் தாண்டியவர்கள் செய்கிற வேலை இல்லை இது.

இந்தக் கட்டத்தில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, கறுத்துக் கிடந்த வெள்ளிக் காசுகளைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் புளி போட்டுத் தேச்சா பளிச்சுன்னு ஆயிடும்டா, விலை கூடக் கிடைக்கும்" என்று கிண்ணத்தோடு வந்துவிட்டார். குத்துவிளக்குக்கு அது சரி. காசில் புளியோ எலுமிச்சையோ பற்பசையோ பட்டால் மேல்தோல் அரிக்கப்பட்டுவிடும், அனுபவப்பட்டவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், அரிய காசாக இருந்தால் பாதி விலைகூடத் தேறாது. அழுக்கு அழுக்காகவே இருக்கட்டும். அம்மாவுக்கு இதில் இன்னும் சம்மதமில்லை.

விற்கப் போகுமுன் விலையைத் தெரிந்துகொண்டேன். வெள்ளிக் காசுக்கு இது சுலபம். ஒரு குவார்ட்டரில் இருப்பது ஏறத்தாழ 0.18 அவுன்ஸ் வெள்ளி. அன்றைய சந்தை விலை அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால், காசுக்கு 5 டாலர் 40 சென்ட். பழைய நாணயக் கடைக்காரர்கள் இதையே வேறு மாதிரி பேசுவார்கள்: முகமதிப்புக்கு இத்தனை மடங்கு. முகமதிப்பில் ஒரு டாலர், அதாவது நாலு குவார்ட்டர், தேய்மானம் போக 0.715 அவுன்ஸ் என்று அவர்கள் கணக்கு. பிழைக் காசுக்கும் டபிள்யூவுக்கும் ஈபே விற்பனைத் தளத்தில் பார்க்கலாம், ஆனால் கேட்கிற விலையைப் பார்க்கக் கூடாது, விற்று முடிந்தவற்றின் விலையைத் தனியாக வடிகட்டிப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து சென்ட் காசுக்கு ஐயாயிரம் டாலர் என்று எழுதி வைக்க யாருக்கும் தடையில்லையே.

தரம் குறித்துத் தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களுக்கு அனுப்பலாமா என்று நண்பர் கேட்டார். ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் போடுவார்கள். ஆனால் கட்டணமும் தபாலும் காப்பீடும் சேர்ந்தால் காசின் விலையைத் தாண்டிவிடும். 1932இல் டென்வரிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ அடித்தது கையில் இருந்தால் யோசிக்கலாம். வாஷிங்டன் முகம் வந்த முதல் ஆண்டு, அடித்ததும் கொஞ்சம். எங்களிடம் 1932 இல்லை.

நாணயக் கடைகளில் இரண்டு இடத்தில் விலை கேட்டேன். முதல் கடைக்காரர் கையிலேயே வாங்கிப் பார்க்காமல் ஒரு தொகை சொன்னார், உலோக விலையில் பாதிதான் வந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் ஒரு பெரியவர். வெல்வெட் துணி விரித்த தட்டில் காசுகளைக் கொட்டி, விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளி, 1964ஐ ஒரு பக்கமும் நாற்பதுகளின் காசுகளை இன்னொரு பக்கமும் ஒதுக்கினார். 1943 காசு ஒன்றைத் தூக்கி, விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, விளக்குக்கு நேராகச் சாய்த்தார். வாஷிங்டனின் காதுக்கு மேலே முடிச்சுருள் முழுக்க வழுவழு என்று ஆகியிருந்தது. எல்லாமே எடைக்குத்தான், சேகரிப்பு விலை எதற்கும் இல்லை என்றார். எத்தனை மடங்கு என்று அவர் சொன்னதை நான் கணக்கோடு ஒப்பிட்டேன். உலோக விலைக்கு ஒரு பத்து சதவீதம் குறைவு. கடை வாடகை, விலை இறங்கினால் அவர் தலையில் விழும் நஷ்டம் எல்லாம் பார்த்தால் அது நியாயம்தான். கொடுத்துவிட்டேன். டபிள்யூவைக் காட்டியபோது, பிள்ளைக்குக் கொடு என்று சொல்லித் திருப்பித் தந்தார். நண்பரிடம் கேட்டுக்கொண்டு மகளுக்கே கொடுத்தோம்.

மீதியைப் பணமாக்குவது அலுப்பான வேலை. சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் எண்ணும் இயந்திரத்தில் கொட்டினால் நூற்றுக்குப் பத்து டாலருக்கு மேல் கழித்துக்கொள்ளும்; பரிசு அட்டையாக வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் கழிவில்லை, ஆனால் கோயம்புத்தூரில் இருப்பவருக்குப் பரிசு அட்டை எதற்கு? வங்கியில் இலவசமாகக் கிடைக்கும் காகிதச் சுருளில் நாற்பது நாற்பதாகச் சுருட்டிக் கொடுத்தால் முழுத் தொகை. ஒரு சுருள் பத்து டாலர். கணக்கு இருக்கும் கிளையாகப் பார்த்துப் போக வேண்டும், கூட்டமில்லாத நேரமாக இருந்தால் கவுன்டரில் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கொஞ்சத்தை நானே விலைக்கு எடுத்துக்கொண்டேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளச் சலவை இயந்திரம் இன்னும் குவார்ட்டர் மட்டும்தான் விழுங்கும். ஆல்டி கடையில் தள்ளுவண்டியை விடுவிக்க ஒன்று வேண்டும், வண்டியைத் திருப்பி விட்டால் காசும் திரும்பி வரும். டயருக்குக் காற்று அடிக்க, பார்க்கிங் மீட்டரில் போட என்று காரில் ஒரு டப்பா எப்போதும் இருப்பது நல்லது. 2020இல் கொரோனா சமயம் நாடு முழுக்கச் சில்லறைத் தட்டுப்பாடு வந்து, வங்கிகளுக்கே மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அளந்து கொடுத்தது. அப்போது ஒரு சுருளுக்கு அலைந்தவர்களுக்கு இந்த டப்பாவின் அருமை தெரியும். கடையில் சாமான் வாங்கிவிட்டுக் காசாகக் கொட்டலாமா என்றால், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் வாங்கியே ஆக வேண்டும் என்று நாடு தழுவிய சட்டம் எதுவும் தனியார் கடைகளுக்கு இல்லை.

பணத்தை நண்பரின் அமெரிக்கக் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். கேனின் அடியில் எஞ்சியவை கார் கழுவும் கடையின் டோக்கன் இரண்டும், கனடாவின் கலைமான் போட்ட குவார்ட்டர்கள் கொஞ்சமும். இவற்றை இங்கே எந்த இயந்திரமும் ஏற்காது, வங்கியும் வாங்காது. டொராண்டோ பக்கம் யாராவது காரில் போவதாக இருந்தால் சொல்லுங்கள், கொடுத்து அனுப்புகிறேன்.