புஜ்ஜியின் கல்லீரலும் காதுச் சீழும்

மாமனாருக்கு மலச்சிக்கலுக்கு வாங்கும் லாக்டுலோஸ் சிரப்பை இப்போது புஜ்ஜிக்கும் சேர்த்து வாங்குகிறேன். நாய்க்கு என்றால் மருந்துக்கடைத் தம்பி சிரிக்கிறார். அவள் குடலில் அம்மோனியா ரத்தத்தில் ஏறாமல் மலத்தோடு வெளியேற அதுதான் வழி. ஒரு சொட்டு சிந்தினால் போதும், எறும்பு வரிசை கட்டிவிடும்.

புஜ்ஜி ஷிட்சு என்ற சின்ன ஜாதி நாய். குட்டியிலிருந்தே நோஞ்சான். கறிச்சோறு தின்ற கொஞ்ச நேரத்தில் எச்சில் ஒழுகும்; பீரோ ஓரமாகப் போய் நெற்றியைச் சுவரில் அழுத்தியபடி நிற்பாள், கூப்பிட்டால் காதுகூட அசையாது. அத்தை உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். டாக்டர் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுத்து, கல்லீரல் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் பைல் ஆசிட் (பித்த அமிலம்) பார்த்தார். பிறகு ஸ்கேன். பிறவியிலேயே ஒரு குறுக்கு ரத்தக்குழாய். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் நேரே பெருஞ்சிரையில் கலக்கிறது. 'ஷன்ட்' என்கிறார்கள். யார்க்கி, மால்டீஸ், பக் மாதிரி சின்ன ஜாதிகளில் இது பெரும்பாலும் கல்லீரலுக்கு வெளியே இருக்கும்; பெரிய ஜாதிகளில் உள்ளேயே.

கல்லீரல் வடிகட்டாமல் விட்ட அம்மோனியா மூளையைக் குழப்புவதால் எல்லாப் பழியும் அதன் மேல்தான் விழும். ஆனால் மழைக்காலத்தில் புஜ்ஜிக்குக் காதில் சீழ் வைத்தது. அதே சாப்பாடு, அதே மருந்து. ஆனாலும் வட்டம் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். காது ஆறியதும் சுற்றலும் நின்றது. டாக்டருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. குடலிலிருந்து தப்பி வரும் கிருமிகளையும் அவற்றின் நச்சையும் பிடித்து விழுங்கும் குப்ஃபர் செல்கள் இருப்பது கல்லீரலில். ரத்தம் அந்தப் பக்கமே போகாவிட்டால் நச்சு உடம்பெங்கும் பரவி அழற்சியைக் கிளப்பும். வேறு எங்காவது தொற்று வந்தாலும் மூளை இன்னும் சீக்கிரம் தடுமாறும். எடின்பரோ பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஷன்ட் உள்ள நாய்களிலேயே மூளை பாதித்தவற்றுக்கு அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதம் கூடுதலாக இருந்தது.

அதனால் கறிக்குப் பதிலாகப் போடும் பனீர், தயிர்சாதம் அளவுக்குக் காதையும் ஈறையும் கவனிக்கிறேன். காதைத் தொட்டாலே உறுமுகிறாள், நடக்கட்டும்.

அடுத்தது ஆபரேஷன். குழாயைச் சட்டென்று கட்டிவிட்டால் கல்லீரலுக்குப் போகும் சிரையில் அழுத்தம் எகிறிவிடுமாம். அதனால் ஒரு வளையம் மாட்டுவார்கள்: வெளியே எஃகு, உள்ளே பாலில் இருக்கும் அதே கேசின் புரதம். ஈரத்தை உறிஞ்சி அது உப்ப உப்ப, சில வாரங்களில் குழாய் மெல்ல அடைபடும். பனீரிலும் அதே கேசின்தான் என்றேன். வீட்டில் யாரும் நம்பவில்லை.